குடும்பப் பெயர் என்ற கட்டம்

காட்பாடி கிளை. மூன்றாம் கவுண்டர்.
ஆடி முடிந்தும் இறங்காத வேலூர் வெயில்
கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம்
வரிசையில் நிற்காமல் உள்ளே வருகிறது.

டோக்கன் நாற்பத்தேழு எழுந்து வந்தாள்,
பிளாஸ்டிக் உறைக்குள் தன்னை அடுக்கிக்கொண்டு:
பாஸ்போர்ட், விசா, போலீஸ் பதிவுச் சீட்டு,
கல்லூரிச் சான்றிதழ்,
ஹாஸ்டல் வார்டனின் கடிதம்
(முத்திரை பாதிதான் விழுந்திருந்தது).

மூன்றாவது முறையாக வருகிறாள்.
முதல்முறை போட்டோவின் பின்னணி நீலம்.
இரண்டாம் முறை சர்வர் இல்லை.
இன்று எல்லாம் இருக்கிறது,
சர்வர் உட்பட.

நாடு: எஸ்டோனியாவைத் தாண்டி இறங்கி
எத்தியோப்பியாவில் நின்றேன்.
பெயர்: செலமாவித்.
குடும்பப் பெயர்?
இல்லை என்றாள்.
பாஸ்போர்ட்டில் இருக்கிறதே, பெக்கெலே?
அது அப்பா.
அதற்கும் பின்னால், வொல்டே?
அப்பாவின் அப்பா.
அவருக்குப் பின்னாலும் ஆட்கள் உண்டு மேடம்,
காகிதத்தில்தான் இடமில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டேன். சிவந்தது.
புள்ளி ஒன்று வைத்தேன். சிவந்தது.
மேனேஜர் எட்டிப் பார்த்தார்:
'அப்பா பேரைப் போட்டு அனுப்பும்மா,
இன்னும் இருபது பேர் நிக்கிறாங்க.'

தண்ணீர் வராத பாலாற்றை
ஆறென்றே எழுதிக்கொள்ளும் ஊர்.
ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால்
காலியிடம் இருந்தால் மட்டும்
கம்ப்யூட்டருக்குப் பொறுக்காது.

அவளிடம் நான் சொல்லவில்லை:
என் கணவர் தணிகாசலம்.
முன்னால் ஒரு 'மு', ஒரு புள்ளி.
நாற்பது வருடம் அந்த ஒற்றை எழுத்துக்குள்
மாமனார் சம்மணமிட்டு, சத்தமில்லாமல் இருந்தார்.
மஸ்கட்டில் கணக்குத் தொடங்கிய அன்று
எழுத்தை விரிக்கச் சொன்னார்கள்.
விரித்ததுதான் தாமதம்,
முனிரத்தினம் எழுந்து
மகனை ஒதுக்கி முன்னால் வந்துவிட்டார்.
மிஸ்டர் முனிரத்தினம், உட்காருங்கள்.
மிஸ்டர் முனிரத்தினம், இங்கே கையெழுத்து.

ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில்
சுண்ணாம்புக் குழி தின்ற கை அவருடையது.
ரேகையே இல்லாமல் போய்
ரேஷன் கடை மெஷின் அவரை யாரென்று கேட்டது.
வாரக்கூலி இடுப்பு மடிப்போடு சரி;
பேங்க் படி ஏறியதில்லை.
இறந்து மூன்று வருடம்.
இப்போது மஸ்கட்டில் மாதம் முதல் தேதி
சம்பளம் வாங்குகிறார்.
இருப்பு குறைந்தால்
அவருக்குத்தான் எச்சரிக்கை போகிறது.

உங்கள் அப்பா என்ன செய்கிறார்?
படிவத்தில் இல்லாத கேள்வி. கேட்டேன்.
ஜிம்மா பக்கம், காப்பி மூட்டை எடை போடுகிறார்.
கடல் பார்த்ததில்லை.
எங்கள் நாட்டுக்கே கடல் கிடையாது.
எங்கள் ஊருக்கும், என்றேன்.

கல்யாணம் ஆனால் பெக்கெலே போய்விடுவாரா?
எங்கே போவார், என்று என்னை விநோதமாகப் பார்த்தாள்.
என் பெயரில் கு போய் த வந்தது
இதே பேங்கில், இதே கம்ப்யூட்டரில்.
அன்று எந்தக் கட்டமும் சிவக்கவில்லை.

மாதிரிக் கையெழுத்து மூன்று போட்டாள்,
தன் எழுத்தில்.
மூன்றும் மூன்று விதம்.
விதிப்படி திருப்ப வேண்டும்.
ஸ்டாம்பை எடுத்து
முழுதாக விழும்படி அழுத்தினேன்.

மூன்றரைக்குக் கணக்கு எண் வந்தது.
அவள் போன் அதிர்ந்தது.
அன்புள்ள பெக்கெலே,
எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்.
ஆயிரம் ரூபாய் வரவு.

சிரித்தாள். அதை அப்படியே யாருக்கோ அனுப்பினாள்.
பையை மூடி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியபோது
பதில் வந்துவிட்டது.
திரையை என் பக்கம் திருப்பினாள்,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து:
'அப்பா கேட்கிறார்,
பணத்தை எப்போது எடுக்கலாமாம்?'

டோக்கன் நாற்பத்தெட்டு.