எட்டரை மணி வாசிப்பு

திருநெல்வேலி. காலை எட்டரை.
புனலைக் கழற்றிப் போத்தலை எடுத்து
அளவுக் கண்ணாடியில் சரிக்கிறேன்.
ஊற்ற ஒன்றுமில்லை.
அடியில் ஓர் எறும்பு, அதுவும் காய்ந்தது.
0.0 என்று எழுதுகிறேன்,
மைக்குத்தான் நட்டம்.

இந்த நேரத்தில்தான் பேர்கனிலிருந்து
சுகிர்தமலரின் செய்தி வரும்.
அங்கே விடியப்புறம் ஐந்து,
முதல் டிராமை எடுக்கப் போகுமுன் கேட்பாள்:
"இஞ்சை முப்பத்தொண்டு மில்லிமீற்றர். அங்கை?"

அவள் ஊரில் வருடம் என்பது
பிழிந்தும் காயாத ஒரே துணி.
ஆடியிலும் ஜக்கெட்,
செருப்பு என்ற சாமானே மறந்துபோச்சாம்.
"எனக்கொரு பூச்சியம் அனுப்படி" என்பாள்.
அனுப்புவேன். எங்களிடம் அது மலிவு.

தையில் வெப்பமானி இருபதைத் தொட்டால்
காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு
சைக்கிளில் போகிறது பாதி யாழ்ப்பாணம்.
"இருபதுக்கா?" என்று
சிரிப்புப் படங்களாய் அனுப்பினாள்.
நான் பதில் போடவில்லை,
கையில் சுடு தேத்தண்ணி இருந்தது.

மாசிப்பனி புகையிலை இலையில்
எட்டு மணி வரை நிற்கும்.
அதை அளக்க என்னிடம் கருவி இல்லை,
ஆகவே பதிவேட்டின்படி அது பெய்யவே இல்லை.

சித்திரையில் ஒரே ஒரு பாட்டம்:
14.2. செம்மண் வாசம் அரை மணித்தியாலம்.
பிறகு காண்டாவனம்,
தார் உருகி டயரில் ஒட்டும்.
பிறகு சோளகம் தொடங்கும்.
வடலிகள் இராமுழுக்கத் தலையைச் சிலுப்ப
அவள் அழைப்பில் ஒரு சொல்லும் கேட்காது.
"மழையோடி அது?" என்பாள்.
"இல்லை, ஓலை."

நல்லூர்த் தேரன்று துமிக்குமா என்று
வருடா வருடம் கேட்பார்
காவலாளி பாக்கியசோதி.
எனக்கு எப்படித் தெரியும்?
விழுந்ததை மட்டும்தான் அளக்கிறேன்.

விழுந்தது, போன கார்த்திகையில்.
முழங்கால் வெள்ளத்தில் நின்று
கண்ணாடியை நிரப்பி ஊற்றி, நிரப்பி ஊற்றி
எட்டாவதா ஒன்பதாவதா என்று
எண்ணிக்கை தடுமாறிய காலை அது.
பதினொரு மாதம் வெறும் பெயராய்க் கிடக்கும் வழுக்கியாறு
சண்டிலிப்பாயில் எழும்பி வீதியைக் கடந்தது,
பெடியள் மதகில் வலையோடு.
பாக்கியசோதி வீட்டில்
அரிசி மூட்டை கட்டிலின் மேல்,
கட்டில் கதிரைகளின் மேல்,
நாய் எங்கே என்று தெரியவில்லை.
வருடத்தின் கால்வாசி ஒரே இரவில் வந்து
கிணறு கொஞ்சம் குடிக்க
மிச்சம் கடலுக்குப் போயிற்று.

அன்று காலையும் செய்தி வந்தது:
"நம்பமாட்டாய், இண்டைக்கு இஞ்சை பூச்சியம்!
வெய்யிலடி! டிராமை விட்டிறங்கிச் சனம்
சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிக்குது."
என் எண்ணை அவளுக்கு அனுப்பவில்லை.
அந்த வெய்யிலில் அவள் இன்னும்
கொஞ்ச நேரம் நிற்கட்டும்.
மூன்று நாள் கழித்து நாய் வந்தது.
அதையும் அனுப்பவில்லை.

இன்று ஆடி பத்தொன்பது.
விடிய முன் வானம் கறுத்து
மூன்று துளி, நான்கென்றும் சொல்லலாம்,
புனலின் விளிம்பில் விழுந்த சத்தம்.
ஓடிப் போய்ப் பார்த்தேன்,
தகரம் அதைக் குடித்திருந்தது.

அளவுக்கு எட்டாத மழைக்கு
எங்கள் விதியில் ஒரு சொல் உண்டு.
எட்டரைக்கு எழுதிய 0.0ஐ வெட்டிவிட்டு
அதை எழுதினேன்: சுவடு.
அவளுக்கும் அனுப்பினேன்.

"அப்பிடியெண்டால்?"
"வந்தது. ஆனால் எவ்வளவு எண்டு
சொல்ல ஏலாது."

நெடுநேரம் பதில் இல்லை.
முதல் டிராம் புறப்பட்டிருக்கும்.
அவளுக்கு முன்னால் துடைப்பான்
இடம் வலம், இடம் வலம் என்று
கண்ணாடியை அழித்துக்கொண்டிருக்கும்.