கசர்

ஸ்ரீராமபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் அறை.
ஞாயிறு, மாலை நாலு மணி.
இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம்,
இது ஏழாவது மாதம்.
நோட்டு எழுதுவது நான்.
பி.காம் இரண்டாம் ஆண்டு என்பதால்
எனக்கு வட்டி தெரியும் என்று நம்புகிறார்கள்.

நாளைக்குத் தேர்வு.
பணத்தின் கால மதிப்பு, பத்து மதிப்பெண்.
இன்றைய ரூபாய் நாளைய ரூபாயைவிடப் பெரியது.
எவ்வளவு பெரியது என்பதற்கு
புத்தகத்தில் வாய்பாடு இருக்கிறது.
இந்த அறையில் அதைக் கத்திச் சொல்கிறார்கள்.

"பத்தாயிரம் தள்ளு" என்றார் சம்பங்கி.
மாவு வியாபாரம்,
நாற்பது லிட்டர் கிரைண்டர் இன்னொன்று வேண்டும்.
"பன்னெண்டு" என்றாள் நாகவேணி.
அவளுக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
சீட்டில் அது மரியாதை.

ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே
சம்பங்கி உள்ளங்கையில் பேனாவால் எழுதினார்:
கூடுதல் முப்பது கிலோ, கரண்டு பில்,
பாக்கெட் கவர், பையன் சம்பளம்.
இருபத்து நாலில் பேனாவை மூடினார்.
"இதுக்கு மேல கட்டுப்படியாகாது."
எங்கள் பாடநூல்
கோடுகள் வெட்டிக்கொள்ளும் படத்தோடு
நாலு பக்கம் சொன்னது இதைத்தான்.

போனில் பீன்யாவிலிருந்து ஒருவர், இருபத்தாறு.
"இருபத்தெட்டு."
நாகவேணி கையில் எதுவும் எழுதவில்லை.

விலை ஏறினால் தேவை குறையும்,
கோடு சரிந்து இறங்கும்.
சில கோடுகள் மட்டும் செங்குத்தாக நிற்கும்.
உதாரணத்துக்கு உப்பு, இன்சுலின் என்று போட்டிருப்பார்கள்.
கார்மெண்ட்ஸ் அடையாள அட்டையைக்
கழுத்திலிருந்து கழற்ற மறந்து வந்த ஒருத்தியை
யாரும் போட்டதில்லை.

தேவநேசன் எண்ணினார்.
"ஒந்து சல.
எரடு சல."
மூன்றாவதை இழுத்தார்.
யாராவது இன்னும் ஆயிரம் ஏற்றினால்
எல்லோருக்கும் கசர் கூடும்.
அறை காத்திருந்தது.
நானும்தான்.

"மூறு சல."

லட்சத்தில் தள்ளு இருபத்தெட்டு.
அதில் தேவநேசன் கமிஷன் ஐந்து.
மீதி இருபத்து மூன்றை இருபதால் வகுத்தேன்:
ஆளுக்கு ஆயிரத்து நூற்றைம்பது.
"இந்த மாசம் கசர் நல்லா வந்திருக்கு" என்றார் ஒருவர்.
டீ வந்தது.
நாகவேணிக்கும் அதே ஆயிரத்து நூற்றைம்பது,
அவள் இழந்ததில் அவள் பங்கு.
இன்னும் பதிமூன்று மாதம் கட்டுவாள்,
ஏலத்தில் வாய் திறக்காமல்.

அம்மா பேரில் எங்களுக்கும் ஒரு சீட்டு.
கடைசி மாதம்தான் எடுப்போம்.
காத்திருக்க முடிகிறவர்கள் நாங்கள்.
வீட்டில் இதற்குச் சேமிப்பு என்று பெயர்.

மூவாயிரத்து எண்ணூற்றைம்பதை அம்மா பெயருக்கு நேரே எழுதி
வரவு வைத்தேன்.
குறைந்த ஆயிரத்து நூற்றைம்பது
எங்கிருந்து வந்தது என்று எழுத
நோட்டில் கட்டம் தேடினேன்.

எழுபத்திரண்டு ஆயிரத்தையும்
இரண்டு முறை எண்ணி முடித்து
"ரப்பர் பேண்ட் இருக்கா?" என்றாள்.
தேர்வுக் குறிப்புகளைக் கட்டியிருந்ததைக்
கழற்றிக் கொடுத்தேன்.
"நாளைக்குத் தரேன்" என்றாள்.
ரப்பர் பேண்டுக்கு.

திங்கள் காலை ஓகலிபுரம் சிக்னலில்
பஸ் குலுங்கி நின்றபோது
மடியிலிருந்து தாள்கள் சரிந்தன.
பொறுக்கினேன்.
அளிப்புக்குள் தேவை,
வட்டிக்கு முன்னால் இடர்,
கால மதிப்பு
யாருடைய செருப்புக்கடியிலோ.