பதினெட்டு–பதினாறு

"வாயைத் திற" என்கிறாய், ரெகுலா ஏப்லி.
திறக்கிறேன்.
உன் சொல்லுக்கு மறுசொல் வைத்திருந்தவர்கள்
ஓல்டனில் எப்போதுமே குறைவு.

தலைக்கு மேல் விளக்கு.
அரங்கத்து விளக்கும் இப்படித்தான்,
அண்ணாந்தால் கண்ணைப் பறிக்கும்.
அதற்குள்தான் உயர அடிப்பாய்.
பந்து வெளிச்சத்தில் கரைந்துபோகும்.
நான் வெறுங்காற்றை வீசி முடித்தபின்
பொத்தென்று விழும்
என் குதிகாலுக்குப் பின்னால்,
கோட்டின் மேல்.

"எந்தப் பக்கம் வலி?"
விரலால் காட்டுகிறேன்: இடது, கடைசி.
முகக்கவசத்துக்குள் சிரிக்கிறாய்.
"உன் பின்மூலை அன்றைக்கும் அதுதானே, கேதாரணி."

என் பெயரை முழுசாய்ச் சொல்கிறவள் நீ ஒருத்திதான்.
அறிவிப்பாளர்கள் அதை மூன்றாய் உடைத்து
ஒரு துண்டைத் தொலைத்துவிடுவார்கள்.
அப்பா விளையாட்டின் பெயரையே மாற்றிவைத்திருந்தார்:
பூப்பந்து.
பூ எங்கே அப்பா, இது வாத்திறகு,
எண்ணிப் பாருங்கள், பதினாறு.
எண்ணினார். மறுநாளும் பூப்பந்து என்றார்.

உன் முதல் கோப்பைப் படத்தில்
பல்லில் கம்பி.
பதினேழு வயது, உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பு.
பிறகு ஒன்பது ஆண்டுகள்
இந்த நாட்டில் உன்னை யாரும் அசைக்கவில்லை.
ஏழு இறுதியாட்டங்களில்
வலைக்கு மறுபக்கம் நின்று
அசைக்காமல் இருந்தவள் நான்.

வெளியே வேறு கணக்கு.
கோபன்ஹேகனில் முதல் சுற்று, இருபத்தாறு நிமிடம்,
ஒரு தாய்லாந்துப் பள்ளிக்கூடப் பெண்
உன்னைத் துடைத்துப் போட்டாள்.
இரவு ரயில்.
காலை எட்டு மணிக்கு இதே நாற்காலியருகில்
யாரோ ஒருவரின் கடைவாயைச் சுரண்டிக்கொண்டிருந்தாய்.
வெள்ளிக்கோப்பையைக் காட்டினால்
வாடகையில் ஒரு பிராங்க்கூடக் குறையாது.
ஸ்பெயினுக்கும் போலந்துக்கும்
விடுப்பையெல்லாம் செலவழித்தாய்.
கடலைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு
கூரை எவ்வளவு உயரம் என்று சொன்னாய்.

உறிஞ்சுகுழல் கொரகொரக்கிறது.
சன்னலில் ஆரே ஆற்றின் மூடுபனி,
பாலத்தைப் பாதிவரை தின்றிருக்கிறது.

அப்புறம் அந்த பிப்ரவரி.
மூன்றாம் ஆட்டம்.
பதினெட்டு–பதினாறு,
பதினெட்டு எனக்கு.
வாழ்நாளில் முதல்முறையாக நீ
வியர்வையைத் துடைக்க அனுமதி கேட்டாய்.
நான் வலையோரம் ஒன்றை மெல்லச் சரியவிட்டேன்.
நீ பாய்ந்தாய்.
பட்டென்று நரம்பு அறுந்தது.

முதலில் மட்டையைத்தான் பார்த்தாய்.
பின்னல் முழுதாய் இருந்தது.
ஒவ்வொரு இழையாய்த் தடவினாய்.
அதற்குப் பிறகுதான் உன் கால்
உன்னிடம் சொன்னது.

கைதட்டினார்கள். உனக்கு.
தூக்கிக்கொண்டு போகும்வரை தட்டினார்கள்.
கோப்பையை என் கையில் வைத்த மனிதர்
"பாவம்" என்றார்.
யாரை என்று இன்றுவரை தெரியாது.
பட்டியலில் என் பெயர் இருக்கிறது,
பக்கத்தில் சின்ன எழுத்தில்: எதிராளி விலகல்.

கருவி ஈறுக்கடியில் நுழைகிறது.
ஊசி போட்டதால் வலி இல்லை, சத்தம் மட்டும்.
நீ குனிந்தபடியே,
மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போல,
சொல்கிறாய்:

"அன்றைக்கு நான்தான் ஜெயித்திருப்பேன்."

வாய் திறந்திருக்கிறது.
உள்ளே உன் இரண்டு விரல்கள், ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி.
"ஆ" என்று மட்டும் வருகிறது.
அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ.

கொப்பளித்தேன். துப்பினேன். இளஞ்சிவப்பு.
நூற்று அறுபத்துநான்கு பிராங்க்.
"ஆறு மாதம் கழித்து" என்று அட்டை எழுத
மேசைவரை நடந்தாய்.
வலதுகாலை ஒரு நொடி
பிந்தி வைக்கிறாய், இப்போதும்.

ஏழாம் நடைமேடை.
பெர்ன் ரயில் நான்கு நிமிடம் தாமதம்.
மரத்த நாக்கால் பனியிடம் சொல்லிப் பார்த்தேன்.
பதிநெத்து.
பதிநெத்து–பதிநாது.
பக்கத்தில் நின்ற பையன் காதுக்கருவியைக் கழற்றி
என்ன என்றான்.