முப்பத்தொன்றாம் எண் குழாய்

அக்டோபர் பதினெட்டு.
இன்றிரவு மைனஸ் நான்கு என்கிறது வானொலி.
வெர்னா ஹகாலா அலுவலகக் கதவில்
‘மே மாதம் சந்திப்போம்’ பலகையை மாட்டிவிட்டாள்.
இனி இந்த ஏரிக்கரையில்
நான், டுவேன், ஒரு கம்ப்ரஸர்.

முதலில் சாம்பல்.
நாற்பத்தெட்டு நெருப்புக் குழிகள்.
கோடை முழுக்க யார் யாரோ குளிர்காய்ந்து
சிரித்து, முகம் திருப்பிக்கொண்டு
எழுந்துபோன வட்டங்களை
மண்வாரியால் அள்ளுகிறேன்.
ஆணிகள். உருகிய பாட்டில். பாதி கருகிய கரண்டி.
ஒன்பதாம் எண்ணில் ஒரு மோதிரம்.
தகரம்தான், டுவேன் கடித்துப் பார்த்துச் சொன்னான்.
தகரமானாலும்
தவறி விழுந்ததில்லை அது.
குழியின் நட்ட நடுவில் கிடந்தது.

மேசைகளைக் கவிழ்த்து அடுக்கிச் சங்கிலியிட்டோம்.
மின்பெட்டிக்குள் கூடு கட்டிய குளவிகள்
குளிரில் நடக்க மறந்து
காகிதத் துணுக்குகளாய் உதிர்ந்தன.
எலி வரும் பொந்துகளில் இரும்புப் பஞ்சு.
குளியலறை வடிகால்களில்
உறையாத அந்த இளஞ்சிவப்புத் திரவம்,
வளைவுக்கு ஒரு குவளை.
பிறந்தநாள் கேக்கின் நிறம் அதற்கு.
நாய் நக்கினால் செத்துப்போகுமா என்று
போன வருடம் ஒரு சிறுமி கேட்டாள்.
லேபிளை வாசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

குழாய்களை ஊதுவது கடைசி வேலை.
ஐம்பது பவுண்டு அழுத்தம், அதற்குமேல் கூடாது.
கூடினால் மண்ணுக்குள் எங்கே வெடித்ததென்று
பனி உருகிய பிறகுதான் தெரியும்.
ஒவ்வொன்றாகத் திறக்கிறோம்.
முதலில் தண்ணீர்.
பிறகு இருமல்.
பிறகு நீர்த்தூள்.
பிறகு வெறும் மூச்சு.
மூடிச் சிவப்பு நாடா கட்டி, அடுத்தது.

முப்பத்தொன்றில் மெர்ல் இருக்கிறார்.
டிரெய்லரின் அடியைச் சுற்றி
வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்.
அதைப் பார்த்த அன்றே புரிந்துவிட்டது.
அவருடைய வண்டியின் கியர்பாக்ஸ் ஆகஸ்டில் போனது.
பட்டறைக்காரன் கேட்ட தொகைக்கு
அதேபோல் இரண்டு வண்டி வாங்கலாம்.

நானும் சக்கரத்தின்மேல் குடியிருப்பவள்தான்.
செவ்வாய்க்கிழமை தெற்கே கிளம்புகிறேன்,
அரிசோனாவில் இன்னொரு பூங்காவைத் திறக்க.
எனக்கும் மெர்லுக்கும் நடுவே இருப்பது
ஓடுகிற ஒரு எஞ்சின்.
அதற்கும் பதினாறு வயது, ஆயில் குடிக்கிறது.

வெர்னாவிடம் கேட்டேன்.
“இன்ஷூரன்ஸ்,” என்றாள். ஒரே சொல்.
கொஞ்சம் கழித்து
ரசீதுக் கட்டிலிருந்து தலை நிமிராமலே,
“தண்ணியத்தான் நிறுத்தச் சொன்னேன்.
கரன்ட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.”

மெர்ல் கெஞ்சவில்லை.
நாங்கள் வருவதற்குள்
வாளிகள், ஐஸ்பெட்டி, ஊறுகாய் ஜாடிகள்,
யாரோ விட்டுப்போன காற்றடைத்த நீச்சல் தொட்டி,
எல்லாவற்றையும் நிரப்பி உள்ளே வைத்திருந்தார்.
“நூத்தி நாப்பது காலன்,” என்றார்
வங்கியிருப்பைச் சொல்கிறவர்போல.
பிறகு அவரே மண்டியிட்டுக் குழாயைத் திறந்தார்.
கொட்டகையிலிருந்து டுவேன் காற்றை அனுப்பினான்.

தண்ணீர்.
இருமல், அவர் முகத்தில் தெறித்தது,
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.
நீர்த்தூள்.
மூச்சு வந்த பிறகும்
குழாயடியில் உள்ளங்கையை நீட்டியபடி இருந்தார்.
“வாஷர் தேஞ்சிருக்கு,
மே மாசம் மாத்திடுங்க,” என்றார்.
நாடாவை நான் கட்டினேன்.

இருட்டும்போது மின்கம்பங்களை அணைத்துக்கொண்டே போனேன்.
பதிவேட்டில் நாற்பத்தெட்டு கட்டங்கள்:
மின்சாரம் துண்டிக்கப்பட்டது.
முப்பது.
முப்பத்தொன்று.
பேனாவில் மை உறைந்திருந்தது.
அந்த ஒரு டிக்கை மட்டும்
இரண்டுமுறை அழுத்திப் போடவேண்டியிருந்தது.