சுவிட்சைத் தட்டாதீர்கள்

புயல் போன மூன்றாம் நாள்
என் போன் கையில் சுடுகிறது.
வாஷிங் மெஷின், ஐஸ்பெட்டி, அரிசிக் குக்கர்.
எல்லோருக்கும் ஒரே பதில்:
சுவிட்சைத் தட்டாதீர்கள்.
காயட்டும். வருகிறேன்.

சுங்கை பினாங்கு ஓரத்துப் பிளாட்டில்
தண்ணீர் கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டது.
மின்சார அறையும் கீழ்த்தளம்தான்.
பதினாலு மாடி ஏறினேன்,
கருவிப் பையை
ஆறாவதில் ஒருமுறை, பத்தாவதில் ஒருமுறை
இறக்கி வைத்து.

தயாளினியின் வீட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.
ஐஸ்பெட்டியில் மட்டும் வாடை:
மூன்று நாள் இறால், புளித்துப் பொங்கிய மாவு,
பாதி வெட்டிய பிறந்தநாள் கேக்.
"கெட்டுப்போச்சா அண்ணே?"
கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, கரண்ட்தான் இல்லை என்றேன்.
அவள் கேட்டது கேக்கை என்று
படியிறங்கும்போதுதான் புரிந்தது.

அவள் கார் கீழே நிற்கிறது,
கண்ணாடிவரை சேறு.
வெள்ளத்துக்குத் தனியாகக் கட்டினீர்களா
என்று கேட்கிறானாம் காப்புறுதிக்காரன்.
கட்டவில்லை.
அந்த நூற்றுச் சொச்சம் வெள்ளியில்தான்
கேக் வாங்கினேன் போலிருக்கு என்றாள்.

எதிர்வீட்டு ஊய்க்கு அன்று டயாலிசிஸ் நாள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
நாலு பேர் இறக்கினார்கள்,
தயாளினி டார்ச் பிடித்து முன்னால் நடக்க.
ஏழு வருஷம் எதிரெதிர்க் கதவு.
அன்றைக்கு எட்டாம் மாடியில் மூச்சு வாங்கும்போது
பெயர் கேட்டிருக்கிறாள்.
"லிப்ட் வந்துட்டா
மறுபடியும் தலையை மட்டும்தான் ஆட்டுவோம்,"
என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மத்தியானம் பாலம் தாண்டி நிபோங் திபால்.
செம்பனைகள் ஒரே திசையில் படுத்திருந்தன,
யாரோ தலைசீவி விட்டதுபோல.
கமலவேணியின் வீட்டுக்குக் கூரை
இப்போது நீலத் தார்ப்பாய்.
தகரங்களில் ஐந்து வயலில் கிடைத்தன.
ஆறாவது எங்களுடையது என்கிறார் பக்கத்து வீட்டு ஜமாலுடின்.
ஆணி ஓட்டைகளை விரல் விட்டு எண்ணிக் காட்டினார்
அந்தோணிராஜ். அவரும் எண்ணிக் காட்டினார்.
இரண்டு நாளாகப் பேச்சில்லை.
ஆனால் ஜன்னல் வழியாக உள்ளே வந்து
கைக்குழந்தைக்கு விசிறியைச் சுற்றவைக்கும் கேபிள்
ஜமாலுடினின் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது.
அதை யாரும் பிடுங்கவில்லை.
தகரத்தையும் யாரும் விடவில்லை.

"முதலில் டவுன், அப்புறம் தாமான்,
கடைசியாகத்தான் எங்களுக்குக் கரண்டு."
சேதப் பாரத்தை நீட்டினாள்:
கட்டில் உண்டு, மெத்தை உண்டு, டிவி உண்டு.
பதினோரு கோழிகளை எழுதக்
கட்டம் இல்லை.
"மற்றவை என்பதில் போடுங்கள்" என்றேன்.
அதில் ஏற்கெனவே
ஐந்து நாள் கூலியை எழுதியிருந்தாள்.

மெஷினைக் கவிழ்த்தேன்.
களிமண், ஒற்றைப் பள்ளிக் காலுறை,
விரல் நீளத்துக்கு ஒரு மீன்.
மோட்டாரைக் கழற்றி
வெயிலில் சாக்கு விரித்துப் பரப்பினேன்,
கருவாடு மாதிரி.
நாலு நாள் கழித்துப் போய் மாட்டினேன்.
காசுக்குப் பதில்
காற்று பறித்துப் போட்ட இளநீர் எட்டு.
அவற்றோடு பாலத்தில் திரும்பும்போது
வண்டிக்குள் உருண்டுகொண்டே வந்தன.

ஒன்பதாம் நாள் இரவு
கமலவேணியின் எண்.
பேச்சு இல்லை.
போனை மெஷின்மேல் வைத்திருக்கிறாள்:
தண்ணீர் நிரம்புகிறது, திரும்புகிறது, நிற்கிறது,
பிறகு வேகமெடுத்துச் சுற்றுகிறது.
பின்னால் பிள்ளைகளின் கூச்சல்,
யாரோ மலாயில் சிரிக்கிறார்.

அந்தச் சுற்றுக்கு அடியில்
மெலிதாக ஓர் உரசல்.
பேரிங்கில் இன்னும் மண் இருக்கிறது.
ஆறு மாசம் ஓடும்,
அதிகம் போனால் அடுத்த மழைவரை.

"கேக்குதா?" என்றாள்.
கேட்கிறது என்றேன்.