பத்தொன்பது மில்லிமீட்டர்

காந்த அடித்தட்டு போதும், ஓட்டை வேண்டாம் என்று
மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.
கடைசித் தவணையைப் போன மாசம்தான் கட்டி முடித்த ஆம்னி,
மார்த்தாண்டத்தில் கொடுத்தால் நல்ல விலை போகும்.
ஷெர்பினாள் கேட்கவில்லை.
"காந்தம் எங்க சின்னத்துறை காத்துக்கு நிக்காது அண்ணே.
தொளச்சிரும்."

மூலைக்கு மூலை நூல் பிடித்தேன்.
நூல்கள் வெட்டிக்கொண்ட இடத்தில் காய்ந்த காக்கா எச்சம்.
ஓரத்தில் நட்டால் ஒரு பக்கம் கேட்கும்,
மறுபக்கம் செவிடு.
கம்பி பாதிதான், மீதிப் பாதி இந்தத் தகரம் என்றேன்.
கூரையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்,
நேற்றுவரை அதன்மேல் மீன்பெட்டி கட்டி ஓட்டியவள்.

உள்ளே மேல்துணியில்
பிள்ளை ஒட்டிய நட்சத்திரம் ஒன்று வழியில் நின்றது.
நகத்தால் பிய்த்து ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொண்டாள்.

டிரில் முதலில் வழுக்கியது.
பிறகு வெள்ளை பெயிண்ட், சாம்பல் பெயிண்ட்,
திடீரென்று இரும்பு.
பின்சீட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது.
"யேசுவே" என்றாள்,
தாலிச்சங்கிலியைத் தராசில் வைத்தவள் குரலில்.

துளையைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டணும்.
இரும்பு பளபளவென்று தொட்டால்தான் எர்த் கிடைக்கும்.
உப்புக்காற்று முதலில் தின்பதும் அந்தப் பளபளப்பைத்தான்.
ரப்பர் வளையம், சிலிக்கான், கொஞ்சம் கிரீஸ்.
அதற்குமேல் என் கையில் இல்லை.

கேபிளைக் கதவுத்தூணுக்குள் செருகும்போது சொன்னாள்:
"ஆழ்கடல்ல கெடக்கது வரைக்கும் இது எட்டாதுன்னு தெரியும்.
கரைக்கு இருவது மைலு வரும்போ கெடச்சா போதும்.
தேங்காப்பட்டணம் வாய் சரியில்ல,
முட்டத்துக்குப் போங்கன்னு சொல்லணும்.
அந்த ஒத்த வார்த்தைக்குத்தான்."
வாயில் கவிழ்ந்த படகைப் பற்றி
நான் கேட்கவில்லை.

சாயங்காலம் முட்டம் பாறைமேட்டில் நிறுத்தினோம்.
மீட்டர் முள் ஒன்று புள்ளி இரண்டில் நின்றது. எனக்கு அது போதும்.
ஒரு சேனலில் வெறும் இரைச்சல்.
இன்னொன்றில் ஐஸ் தீர்ந்த எவனோ கெட்ட வார்த்தையில்.
அப்புறம், பக்கத்து சீட்டில் இருப்பதுபோல்,
அவளுக்கும் தெரியாத ஒரு குரல்:
"கரையில யாருக்காவது கேக்கா?
வியாகுலமாதா போட்டு. தேங்காப்பட்டணம் வாய் எப்பிடி கெடக்கு?"

மைக்கை எடுத்தாள். அழுத்த மறந்து பேசினாள்.
அழுத்தி மறுபடி முதலிலிருந்து பேசினாள்.
காலையில் ஏலத்தில் நின்று பார்த்தது அத்தனையும்:
மணல் எந்தப் பக்கம் ஏறியிருக்கு,
அலை எத்தனை எண்ணி விடணும்,
வேண்டாம், இங்கே வந்துருங்க.

"செரி. பேசுகது யாரு?"

புருஷன் படகின் பேரைச் சொல்வாள் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"வெள்ள ஆம்னி" என்றாள்.

திரும்பும்போது திருவிழாத் தோரணத்தில் கம்பி உரசி
டங்கென்று ஒரு சத்தம், வளைந்து நிமிர்ந்தது.
கூலி எழுநூறு. ஐந்நூறு தந்தாள்,
மிச்சத்துக்கு நெய்மீன் என்றாள்.
ஒழுகுதா என்று
முதல் மழைக்குப் போய்ப் பார்க்கணும்.