நிலுவை

முகத்துவாரத்தில் எங்கள் கோயில் சுவருக்குக்
கணக்கெழுதுகிறவன் நான்.
துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருஷம்
கொள்கலன் எண்ணினேன்.
இப்போது செங்கல்.

வடபுறம், தரையிலிருந்து ஆறடி உயரம் வரை
மாற்ற வேண்டியவை நானூற்றுப் பன்னிரண்டு.
முகம் உதிர்ந்தவை, உள்வாங்கியவை,
விரல் பட்டால் குரக்கன் மாவாய்க் கொட்டுபவை.
நடுவே சீமெந்துக் கோடுகள் மட்டும்
அப்படியே நின்றன,
தேனெடுத்த பிறகு மிஞ்சிய அடை மாதிரி.

ஷிரோமி கர்வாலியோ டோர்ச் அடித்துக் காட்டினாள்:
"கல்லில பிழையில்லை அங்கிள்.
மூச்சடைச்சுச் செத்திருக்கு.
கடல் ஈரம் உள்ள வந்தா
பழைய சுண்ணாம்பு வழியா வெளிய போயிடும்.
சீமெந்து கதவைச் சாத்திட்டுது.
போக வழியில்லாத உப்பு
கல்லைத் தின்னுது."

யார் அடைத்தது என்று அவள் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் பழைய பேரேடு.
எழுபத்தொன்பது, ஒக்டோபர். என் கையெழுத்து,
அப்போது இன்னும் சாய்வாக.
சீமெந்து, அறுபது பை.
மீன் ஏலக்காரர், ஒருநாள் வரவு முழுதும்.
திரேசம்மா, கருவாடு விற்றது, ஏழு ரூபா ஐம்பது சதம்.
செபமாலை மொராயஸ், மேசன், கூலி வேண்டாமாம்.

ஒன்பது இரவு, பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில்
இடுக்கிடுக்காய் அடைத்தோம்.
நானும் கரண்டி பிடித்தேன்.
இனி மழை வந்து பார்க்கட்டும் என்று
சுவரைத் தட்டிச் சிரித்தார் மொராயஸ்,
மாட்டின் முதுகைத் தட்டுவது போல.

இன்றைக்கு நந்தசேன பாஸ்
சின்ன உளியால் அதைக் கிள்ளி எடுக்கிறார்.
நாளுக்கு நாலடி.
கூலிச் சீட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது?
திருத்தமா, பழுதா, நட்டமா?
அன்புக்குத் தேய்மானம் போடும் விதம்
எந்தப் பரீட்சையிலும் வரவில்லை.

டொரன்டோவிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் அழைக்கிறார்:
அப்பாவின் பெயர் பொறித்த கறுப்புக் கல்
எப்போது பதிப்பீர்கள்?
சுண்ணாம்பு குழியில் ஊறுகிறது என்கிறேன்.
போன மாதமும் அதைத்தானே சொன்னீர்கள்?
ஓம். போன மாதமும் ஊறியது.

சீமெந்து போன இடமெல்லாம்
ஒரு விடியலில் வெள்ளை பூத்திருந்தது.
சங்கிலித்தாம் எமிலியான் பதறிப்போய்
தும்புக்கட்டையோடு ஓடி வந்தார்.
"விடுங்கோ," என்றாள் ஷிரோமி,
"நாப்பத்தஞ்சு வருஷத்து உப்பு. வரட்டும்."
எல்லோரும் தேத்தண்ணிக்குப் போன நேரம்
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்தச் சுவர்
எங்களை நினைத்துக்கொண்டிருந்த விதம் இது.

மணிக்கோபுரத்தடியில் உளி நின்றது.
ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய எழுத்து:
செ. மொ. 79.
பாஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
"நமத?" என்றார்.
பெயர்தான்.

ஷிரோமி ஏணியில் ஏறி ஈரமானியை வைத்தாள்,
முகம் சுளித்தாள்,
கீழே என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.
"ஒரு சதுர அடிதானே.
சுத்திவர சுண்ணாம்பு வச்சா தாங்கும்.
அநேகமா."

அன்றைய பக்கத்தின் கடைசி இரு வரிகள்:
அகற்றியது, முந்நூற்றொன்பது சதுர அடி.
நிலுவை, ஒன்று.